சகலையைக் காட்டுக்குள் இழுப்பது எப்படி?

ஓர் இசைத்தட்டு உங்களுக்குப் பிடித்துப்போவது தப்பில்லை. அது ஊரில் உள்ள எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், வியாதி அங்கேதான் தொடங்குகிறது. எனக்கு இது வந்து பல வருஷமாகிறது. கிருமியின் பெயர் ‘சாங்ஸ் ஃப்ரம் தி வுட்’. ஜெத்ரோ டல் என்ற ஆங்கிலேய ராக் குழு 1977 பிப்ரவரியில் வெளியிட்ட ஆல்பம். ஒன்பது பாட்டு, நாற்பது நிமிஷத்துக்குச் சற்று மேல். அந்த நாற்பது நிமிஷத்துக்காக நான் இழந்தவை: இரண்டு நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமை வருகை, மைத்துனனிடம் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை, ‘இவர் பாட்டு போடப்போகிறார்’ என்று தெரிந்ததும் எழுந்து போகாத உறவினர் அத்தனை பேரும்.

பட்ட பாடு வீணாக வேண்டாம் என்று இந்தக் கையேடு. மாதிரி ஆளாக என் சகலையை எடுத்துக்கொள்கிறேன். வங்கி அதிகாரி. சின்ன வயதில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றவர். கிடார் என்றாலே கல்லூரிக் கலைவிழா ஞாபகம் வந்து முகம் சுளிப்பவர். இவரையே விழவைக்க முடியுமென்றால் யாரையும் விழவைக்கலாம்.

தேவையான பொருட்கள்: ஆல்பம், 1. சுமாரான ஒலிபெருக்கி, 2. முறுக்கு, ஒரு டப்பா. அவசரமில்லாத ஆள், 1. உங்கள் வாய், இருந்தாலும் மூடிய நிலையில்.

கடைசிப் பொருள்தான் கடையில் கிடைக்காது.

படி 1: வகையின் பெயரைச் சொல்லாதீர்கள்

‘இது புரோக்ரசிவ் ராக்’ என்று ஆரம்பித்தால் முதல் ஓவரிலேயே அவுட். தமிழில் ‘முற்போக்கு ராக்’ என்று சொல்லிப்பார்த்தேன். “எந்தக் கட்சி?” என்று கேட்டார் சகலை. 1960களின் கடைசியில், மூன்று நிமிஷப் பாட்டு போதாது என்று தோன்றிய இங்கிலாந்து இளைஞர்கள் நீண்ட கட்டமைப்பு, கோணல் தாளம், மேற்கத்திய செவ்வியல் வாசனை எல்லாவற்றையும் ராக்குக்குள் இழுத்துவந்தார்கள், அதுதான் இது என்று விளக்கினேன். அதோடு விட்டேனா? இதே குழு 1972இல் ‘திக் அஸ் எ பிரிக்’ என்று தட்டின் இரண்டு பக்கமும் ஒரே பாட்டாக ஓடும் ஆல்பம் போட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

“ஒரே பாட்டா? நடுவில் காபி உண்டா?”

சரி, பயத்தைத் தெளியவைப்போம் என்று, ‘இந்த ஆல்பம் அப்படியில்லை, நாட்டுப்புறச் சாயல்’ என்றேன். அது இன்னும் மோசம். நாட்டுப்புறம் என்றதும் நம் ஆள் மனசுக்குள் தவில் அடிக்கத் தொடங்கிவிடுகிறார். ஒலிபெருக்கியில் வருவதோ மாண்டலின். ஏமாந்த முகத்தோடு முறுக்கை எடுத்துக்கொண்டார்.

படி 2: பெயர்க் கதைக்குள் காலை வைக்காதீர்கள்

ஜெத்ரோ டல் என்பது பாடகரின் பெயரல்ல. 1674இல் பிறந்த ஓர் ஆங்கிலேய விவசாயியின் பெயர். குதிரை இழுக்க, வரிசை பிசகாமல் விதை போடும் எந்திரத்தை 1701 வாக்கில் செய்தவர். லண்டன் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த இந்த இளைஞர்கள் அடிக்கடி பெயரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கச்சேரி ஏற்பாடு செய்யும் அலுவலகத்திலிருந்து வந்த பெயர்களில் இது ஒன்று. இந்தப் பெயரில் வாசித்தபோது மறுபடியும் கூப்பிட்டார்கள், பெயர் நின்றுவிட்டது. 1968இல் வந்த முதல் தட்டில் அதையும் தப்பாக ‘ஜெத்ரோ டோ’ என்று அச்சடித்தார்கள்.

சுவையான கதைதான். ஆனால் என் சகலைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பூர்விக நிலம் இருக்கிறது. “வரிசை விதைப்பா? அது நம்ம சேற்று வயலுக்கு எப்படி ஆகும்?” என்று பிடித்தார். அங்கிருந்து நேரடி விதைப்பு, நாற்றங்கால், மேட்டூர்த் தண்ணீர், ஆள் கூலி என்று பேச்சு ஓடியது. பின்னால் ஆல்பமும் ஓடி முடிந்தது. கேட்டது நானும் முறுக்கு டப்பாவும்.

படி 3: புல்லாங்குழலை முன்னால் நிறுத்தாதீர்கள்

குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன். ஸ்காட்லாந்தில் பிறந்து, பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தவர். எரிக் கிளாப்டன் அளவுக்குத் தன்னால் கிடார் வாசிக்க முடியாது என்று தெரிந்ததும், 1967இல் கிடாரைக் கொடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வாங்கிக்கொண்டார். குரு கிடையாது. ஊதிக்கொண்டே உறுமுவார், ஊதிக்கொண்டே பாடுவார், ஒற்றைக் காலில் நின்று வாசிப்பார்.

மாலியின் குழலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைச் சிபாரிசு செய்வதில் சில சங்கடங்கள் உண்டு.

“இவருக்கு மூச்சு இரைக்குதே. டாக்டர்கிட்ட காட்டினாரா?”

“அது வேணும்னே பண்றது, சகலை.”

“கண்ணன்கூட ஒரு காலைச் சும்மா மாற்றித்தான் வைப்பான். தூக்கிக்கிட்டு நிற்க மாட்டான்.”

இந்த இடத்தில் 1989 கிராமி விருதுக் கதையை எடுத்துவிடத் தோன்றும். ஹார்ட் ராக்குக்கும் மெட்டலுக்குமாகப் புதிதாக ஏற்படுத்திய விருதை மெட்டாலிக்காதான் வாங்கும் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஜெத்ரோ டல் வாங்கிவிட்டது. ‘புல்லாங்குழலும் கனமான உலோக வாத்தியம்தான்’ என்கிற ரீதியில் இசைத்தட்டுக் கம்பெனி குறும்பாக விளம்பரமே கொடுத்தது. சொல்லாதீர்கள். மெட்டாலிக்கா யார் என்று விளக்க வேண்டி வரும்.

படி 4: ‘இது அசல் நாட்டுப்புறமா?’ என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள்

கேட்பார்கள். நம் ஊரில் எதையும் அசலா என்று உரசிப் பார்க்காமல் வாங்குவதில்லை. நேர்மையான பதில்: இல்லை. ஒரு பாட்டுகூட எந்தப் பாட்டியின் வாயிலிருந்தும் வரவில்லை. ஒன்பதும் ஆண்டர்சன் எழுதியவை. குழுவில் இருந்த டேவிட் பால்மரும் மார்ட்டின் பாரும் அங்கங்கே கை கொடுத்தார்கள். காட்டுப் பாட்டு பதிவானது லண்டன் நகரத்து மார்கன் ஸ்டூடியோவில். மூலவித்து ஒரு புத்தகம். ரீடர்ஸ் டைஜஸ்ட் வெளியிட்ட, பிரிட்டனின் நாட்டார் கதைகளையும் தொன்மங்களையும் தொகுத்த கனமான படப் புத்தகம். குழுவின் விளம்பரப் பொறுப்பாளர் ஜோ லஸ்டிக் அதை ஆண்டர்சனுக்குப் பரிசாகக் கொடுத்தார். நகரத்தை விட்டுக் கிராமத்துப் பண்ணை வீட்டுக்குக் குடிபோன மனிதர் கையில் அப்படி ஒரு புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும்? இதுதான் ஆகும்.

பழம்பாடல்களை அப்படியே எடுத்து மின்கிடாரில் ஏற்றுகிறவர்கள் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்கள். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1969லேயே செய்துகாட்டியது. ஸ்டீலை ஸ்பானும் அந்த வழிதான். அவர்களுடைய 1974 ஆல்பத்தின் தயாரிப்பில் ஆண்டர்சனே உதவியிருக்கிறார். வழி தெரிந்தும் அவர் அதில் போகவில்லை. மே மாதப் பிறப்பில் மூட்டும் தீ, வயல்வெளியில் நிற்கும் ஆதிகாலக் கற்கள், உடம்பெல்லாம் இலை மூடிய பச்சை மனிதன் என்று அந்த மண்ணின் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டைப் புதிதாகக் கட்டினார்.

அதை ஒளிக்கவும் இல்லை. உறையின் முன்பக்கத்தில் மரங்களுக்கு நடுவே தீ மூட்டி நாயோடு உட்கார்ந்திருக்கிறார். பின்பக்கத்தைத் திருப்புங்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. அதன் மேல் இசைத்தட்டுக் கருவியின் கை நீண்டு, முள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மரத்தின் வருஷ வளையங்கள்தான் தட்டின் வரிகள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும் படம். இது உங்கள் கூடத்தில் சுற்றுகிற காடு என்று அவரே சொல்லிவிட்டார்; அப்புறம் நாம் யார் துப்பறிய?

காலமும் அவருக்குத் தோதாக இல்லை. அதே 1977 பிப்ரவரியில்தான் ‘தி டாம்ன்ட்’ என்ற பங்க் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. மூன்று கார்டு போதும், பழசையெல்லாம் கொளுத்து என்று லண்டன் பையன்கள் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு திரிந்த வருஷம். அந்த வருஷத்தில் பச்சை மனிதனைப் பற்றிப் பாட ஒரு தைரியம் வேண்டும், அல்லது ஊர் நடப்பு தெரியாமல் இருக்க வேண்டும். பிரிட்டனில் 13ஆம் இடம், அமெரிக்காவில் 8ஆம் இடம் வரை ஏறியது.

இந்தக் கட்டத்தில் இளையராஜாவை இழுக்காதீர்கள். 1976, அன்னக்கிளி, நாட்டுப்புறம், அதே காலம் என்று நான் ஆரம்பித்தேன். “ராஜா பண்ணைப்புரத்தில் பிறந்து அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். உங்க ஆள் புத்தகத்தில் படிச்சவர். ரெண்டும் ஒண்ணா?” என்று ஒரே வெட்டு. பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதில் ஒரு மாதம் கழித்து, ஒரு கல்யாண வீட்டு வாசலில் கிடைத்தது. பந்தல்காலில் கட்டியிருக்கிற வாழைமரம் அங்கே முளைத்ததல்ல. குலையோடு வெட்டிக்கொண்டுவந்து கயிற்றால் கட்டியது. அதைப் பார்த்து ‘அசல் இல்லை’ என்று யாரும் திரும்பிப் போனதில்லை. அது ‘வாங்க’ என்று சொல்வதற்காக நிற்கிறது. இந்த ஆல்பமும் அப்படித்தான் நிற்கிறது.

படி 5: அடுக்களையைத் திறந்து காட்டாதீர்கள்

முதல் பாட்டைப் போட்டுப் பாருங்கள். வாத்தியம் எதுவும் இல்லை. குரல்கள் மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக. வாசலில் நாலைந்து பேர் நின்று ஒரே நேரத்தில் வரவேற்கிற மாதிரி. அதன் பிறகு குழல், கிடார், ஆர்கன், டிரம்ஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து வருகின்றன. வந்தவை உட்காரவே இல்லை. தாளம் தடுக்குகிறது, குதிக்கிறது, நீங்கள் காலைத் தட்டத் தொடங்கிய இடத்தில் நழுவுகிறது. ஆனால் சிரமம் தெரியாது. விருந்தில் பாயசம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே இலையில் விழுவதைப் போல.

‘ஜாக்-இன்-தி-கிரீன்’ இரண்டரை நிமிஷம்தான். அதில் வரும் எல்லா வாத்தியத்தையும் ஆண்டர்சன் ஒருவரே வாசித்திருக்கிறார். மே தின ஊர்வலங்களில் இலைதழையால் கட்டிய கூட்டுக்குள் ஒருவர் நுழைந்து நடந்துவருவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். அந்த உருவத்துக்குப் பெயர் இது. ஆண்டர்சன் அந்தச் சின்ன மனிதனை நிறுத்தி, பெரிய சாலைகளும் மின்கம்பிகளும் வந்துவிட்டனவே, இனி உன் பாடு என்ன என்று கவலையோடு விசாரிக்கிறார். கடைசியில் ஆறுதலாக அவர் காட்டுவது நடைபாதை இடுக்கில் முளைத்த புல். அவ்வளவுதான்.

‘வெல்வெட் கிரீன்’ இதற்கு எதிர். மாண்டலினின் பாட்டனார் போன்ற லூட், பழைய அரண்மனை வாசனை அடிக்கும் விசைப்பலகை, சின்னச் சின்ன மேளங்கள். வேகமும் தாள அளவும் எத்தனை முறை மாறுகின்றன என்று எண்ணப் போனால் பாட்டு போய்விடும். எண்ணாமல் கேட்டால் புல்வெளியில் கை வீசி நடக்கிற சுகம்.

நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் விரலைத் தூக்கி, “இப்ப பாருங்க... இப்ப மாறும்... மாறிச்சா?” என்றேன். அவர் கவனிக்காதபோது நிறுத்திப் பின்னால் ஓட்டிக் காட்டினேன். விருந்தாளியை இலை முன்னால் உட்காரவைத்துவிட்டு, எத்தனை தேங்காய் துருவினோம், யார் கை வலித்தது என்று கணக்குச் சொல்கிறவர் வீட்டில் எவர் சாப்பிடுவார்? உறையில் ஆல்பத்தின் பெயரை நீட்டி, அடுக்களைப் பேச்சும் சாக்கடை எதுகையும் கலந்தவை இந்தப் பாட்டுகள் என்று ஆண்டர்சனே தன் சரக்கைத் தாழ்த்தித்தான் போட்டிருக்கிறார். பரிமாறத் தெரிந்தவர். அன்று சகலை நாலாவது பாட்டில், “பேங்க்ல ஆடிட்” என்று எழுந்து போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

படி 6: பெரியவர்கள் இருந்தால் இரண்டு பாட்டைத் தாண்டுங்கள்

சொன்ன ‘வெல்வெட் கிரீன்’ ஒன்று, ‘ஹன்டிங் கேர்ள்’ இன்னொன்று. குதிரையேறி வேட்டைக்கு வந்த பெரிய வீட்டுப் பெண்ணும் பண்ணையாளும் காட்டில் சந்திக்கிறார்கள். மேலே விவரம் வேண்டாம். நாட்டுப்புறப் பாட்டு என்றால் பக்தியும் தாலாட்டும் மட்டும் என்று நினைப்பவர்கள் நம் தெம்மாங்கை முழுசாகக் கேட்காதவர்கள். மாமனார் ஒருமுறை முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, “நல்ல வீரமான பாட்டு” என்றார். ஆங்கிலப் பாட்டின் உச்சரிப்பு சில சமயம் குடும்பத்தைக் காப்பாற்றும்.

படி 7: ஏழை அவரே எண்ணட்டும்

ஒரு டிசம்பர் சாயங்காலம். நான் முயற்சியைக் கைவிட்டிருந்தேன். சகலை வேறு எதற்கோ வந்திருந்தார். ஆல்பம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சமையல்கட்டில் டிகாஷன் இறங்கக் காத்து நின்றேன். ஐந்தாவது பாட்டு, ‘ரிங் அவுட், சால்ஸ்டிஸ் பெல்ஸ்’ ஆரம்பித்தது. வருஷத்தின் மிகக் குறுகிய பகலைக் கொண்டாடுகிற பாட்டு. டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த இருட்டு ஒருவழியாகப் பின்வாங்கப்போகிறது என்றால் எவருக்கும் மணியடிக்கத்தான் தோன்றும். இதையெல்லாம் கூடத்துக்குப் போய்ச் சொல்ல வாய் துடித்தது. டிகாஷன் இறங்கவில்லை. அதனால் பிழைத்தேன்.

கூடத்திலிருந்து ஒரு சத்தம். தொடையில் தட்டுகிற சத்தம். பாட்டில் வரும் கைதட்டலோடு சேர்ந்து, நின்று, மறுபடி பிடித்து. பிறகு குரல்:

“சகலை! இது ஏழு!”

நான் டம்ளரோடு போனேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். “கிறிஸ்துமஸ் பாட்டு மாதிரி இருக்கு, ஏழில் போகுதே! தகிட தகதிமி... மிஸ்ர சாப்பு. இரு, இரு. தகதிமி தகிட... விலோமமோ?” முதலில் மூன்றா, முதலில் நான்கா என்று அவருக்கும் அவர் தொடைக்கும் தகராறு. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். டிரம்ஸ் யார் என்று கேட்டார். “பேரிமோர் பார்லோ” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெயரோடு நிறுத்தியதை என் வாழ்நாள் தவமாகக் கருதுகிறேன்.

அப்புறம் நான் எதுவும் செய்யவில்லை. ‘பிப்ராக்’ வந்தது. பிப்ராக் என்பது ஸ்காட்லாந்துப் பைக்குழல்காரர்களின் உயர்ந்த வடிவம்: மெதுவான ஒரு மூல மெட்டு, அதன்மேல் அடுக்கடுக்காக வேறுபாடுகள், கடைசியில் மறுபடி மூலம். மார்ட்டின் பார் அந்தப் பைக்குழலின் ஓலத்தை மின்கிடாரில் எழுப்பித்தான் பாட்டைத் தொடங்குகிறார். காதலைச் சொல்லத் தொப்பியைக் கையில் பிடித்து வந்தவன் சொல்லாமலே திரும்பிப் போகிற கதை. “சங்கதி போடறான்” என்றார் சகலை, தனக்குத்தானே.

கடைசிப் பாட்டு ‘ஃபயர் அட் மிட்நைட்’. பச்சை மனிதன் இல்லை, பூசாரிகள் இல்லை, கற்கள் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன், கணப்பு, பக்கத்தில் துணைவி. இரண்டரை நிமிஷம். காடு முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு நம்மை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார் மனிதர். சகலை காபியை ஆறவிட்டிருந்தார். நாங்கள் பேசவில்லை.

பக்கவிளைவுகள்

ஆள் விழுந்த பிறகு மறுசோறு கேட்பார். 1978இல் வந்த ‘ஹெவி ஹார்ஸஸ்’ கொடுங்கள். டிராக்டர் வந்ததால் வேலை இழந்த உழவுக் குதிரைகளுக்கு அதில் ஒரு பாட்டு உண்டு. தஞ்சாவூர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். அதன் பிறகு 1979இன் ‘ஸ்டார்ம்வாட்ச்’. அதோடு பந்தி முடிகிறது. பேஸ் கிடார் வாசித்த ஜான் கிளாஸ்காக் அந்த வருஷம் இதயக் கோளாறால் இறந்தார். வயது 28. அடுத்த வருஷமே பார்லோ, பால்மர், பியானோ வாசித்த ஜான் எவன் மூவரும் குழுவில் இல்லை. அந்தக் கைகளெல்லாம் ஒரே அடுக்களையில் இருந்தது அவ்வளவு காலம்தான்.

இதைவிடக் கடுமையான பக்கவிளைவு ஒன்று உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போன வாரம் சகலை இராத்திரி பத்தரைக்கு வந்தார். கையில் முறுக்கு டப்பா; அவர் வாங்கியது. உட்கார்ந்ததும் விரலைத் தூக்கினார்.

“சகலை, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? இந்த ஆண்டர்சன் முதலில் கிடார்தான் வாசிச்சுக்கிட்டிருந்தாராம். கிளாப்டனைக் கேட்டுட்டு, இது நமக்கு ஆகாதுன்னு அதைக் கொடுத்துட்டுப் புல்லாங்குழல் வாங்கினாராம்!”

மூன்று வருஷம், ஏழெட்டுத் தடவை, இதே நாற்காலியில் அவருக்கு நான் சொன்னது. வாயைத் திறந்தேன். பந்தல்கால் வாழைமரம் ஞாபகம் வந்தது.

“அப்படியா?” என்றேன்.